பக்கிரி சொன்ன பதில்

"கரும்பைக் கொளுத்துனவன் இவன்தான் சார். கையைப் பாருங்க, எப்படி வெந்திருக்கு" என்றார் சாமிநாதன்.

கரையாம்புத்தூரில் அவருடைய ஒன்றரைக் காணிக் கரும்பு முந்தின நாள் சாயங்காலம் எரிந்து போயிருந்தது. வெட்டுக்குப் பத்து நாள்தான் பாக்கி. அவரிடம் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிற பக்கிரி, வெறும் கோவணத்தோடு அந்தக் கரும்புக் கொல்லையிலிருந்து ஓடியதை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் மிரட்டியும் கேட்டார், தணிந்தும் கேட்டார். நீயா கொளுத்தினாய்? இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அங்கே எதற்குப் போனாய்? பக்கிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்படியாவது பேச வையுங்கள் என்று சாமிநாதன் குதித்தார்.

"தனக்கு எதிரா அவனையே பேசச் சொல்ல முடியாதுங்க. சும்மா இருக்க அவனுக்குச் சட்டத்துல எடம் இருக்கு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மடியில கனம் இல்லாதவன் வாயைத் தொறக்க வேண்டியதுதானே?"

ஊர் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் காலையில் சாப்பிடும்போது மனைவி அமுதத்திடமும் சொன்னார். இன்றைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், உள்ளே போனால்தான் புத்தி வரும் என்றார்.

அமுதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கரும்பை யாரும் கொளுத்தலைங்க. நான்தான் என் பொடவையில நெருப்பு வெச்சுக்கினேன்."

சாமிநாதனின் கை சோற்றிலேயே நின்றது. கரும்பு எரிந்த அன்று மத்தியானம், குழம்பு ஆறிப்போச்சு என்று, களத்து ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும் அவளைச் செருப்பால் அடித்திருந்தார்.

கரும்புக்குள் புகை வந்ததைப் பார்த்து ஓடிவந்த பக்கிரி, நெருப்பு அவள் உடம்பைத் தொடுமுன், எரிகிற புடவையை வெறுங்கையால் உருவி எறிந்திருக்கிறான். அது காய்ந்த கரும்புச் சோகையில் விழுந்து பற்றிக்கொண்டது. தன் வேட்டியை அவிழ்த்து அவள்மேல் போர்த்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாய்க்கால் வழியாக அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

"இதை எப்படிங்க அவன் ஸ்டேஷன்ல சொல்லுவான்? ஆண்டை பொஞ்சாதி பொடவையை உருவுனேன்னா?"

சாமிநாதன் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். ஸ்டேஷனில், தப்பாகப் புகார் கொடுத்துவிட்டேன், அவனை விட்டுவிடுங்கள் என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அப்ப நெருப்பு எப்படி வந்துச்சு? நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அமுதத்தைச் சொல்வதா, செருப்பைச் சொல்வதா? சாமிநாதனின் தலை தானாகக் குனிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டார்.

நேற்றிலிருந்து பேசாதவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"என் பீடி நெருப்புதாங்கய்யா. தெரியாம சோகையில வுழுந்துடுச்சி."

பக்கிரி பீடியைத் தொட்டு அந்த ஊரில் யாருமே பார்த்ததில்லை. சாமிநாதன் நிமிராமலே, ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார்.