அந்தரத்தில் நின்ற பாட்டு

"பாட்டை முழுசாப் பாடுங்கம்மா. சபையே அந்தரத்துல தொங்குது" என்றார் போதகர், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி.

"லெந்து முடியட்டும் ஐயா. கடைசி வரி ஈஸ்டர் காலையிலதான்."

பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது தவநாட்களுக்கென்றே அவள் எழுதி மெட்டுப் போட்ட பாட்டு அது. 'கல்லறைக் கல்லைப் புரட்ட யாருண்டு?' என்று கேட்டுவிட்டு, படியிறங்கத் தூக்கிய கால் போல அப்படியே நின்றுவிடும். பிறகு ஆர்கன் கிடையாது, ஆமென் கிடையாது. மௌனம்தான்.

"ஆளாளுக்குப் புகார் சொல்றாங்க."

"சொல்லட்டும் ஐயா. இயேசுவோட கல்லறைக்குப் போன பொம்பளைங்களுக்கு, போற வழியில பதில் தெரியுமா? தெரியாமலே நடந்தாங்க. அதுதானே லெந்து?"

போதகர் தாடையைத் தடவினார். "உங்க பிடிவாதத்துக்கு நான் சரின்னுட்டேன். ஆனா ஈஸ்டர் அன்னிக்குச் சொதப்பினா, இனிமே இந்தச் சபையில புதுப்பாட்டுங்கிற பேச்சே கூடாது. அந்த வரி எல்லார் வாயையும் அடைக்கணும்."

"வாயைத் திறக்க வைக்கும் ஐயா." சொல்லிவிட்டு, பாட்டுத் தாளை அவசரமாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

வீட்டில் அதைவிடக் கறாரான சபை காத்திருந்தது. மாமியார்.

"இன்னிக்கும் பாதியில விட்டுட்டியே! தும்மல் வந்து தும்ம முடியாத மாதிரி இருக்குடி."

"கொஞ்சம் பொறுங்க அத்தை."

"எனக்கு மட்டும் காதோட சொல்லேன்."

"உங்க காதுல சொன்னா ஊருக்கே மைக் வெச்ச மாதிரி."

மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள். மாலையில் ஒத்திகை. காலையிலேயே வீட்டில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் கட்டைகளைத் தொட்டனவே தவிர அழுத்தவில்லை. பாட்டை விட்டுக் கொடுப்பதாக இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

சமையலறையில் மாமியார் பட்டாணி உரித்தபடி அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். 'கல்லைப் புரட்ட யாருண்டு?' வந்தது. அங்கே நிற்கவில்லை. கூச்சமே இல்லாமல் ஒரு படி இறங்கி, சட்டென்று மேலே ஏறியது குரல்:

"புரண்டு கிடக்குதே... முன்னமே புரண்டு கிடக்குதே..."

அவள் கீபோர்டை விட்டு ஓடிவந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னடி முறைக்கிறே? நீ சொல்ற வழியாக் காணோம், நானே தும்மிட்டேன்!"

"இன்னொரு தடவை பாடுங்க அத்தை. மெதுவா."

"சிரிக்கத்தானே கேக்குறே? உன் வரி இதைவிட ஒசத்தியா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் பென்சிலை எடுத்தாள். லெந்து முழுக்கப் பூட்டி வைத்திருப்பதாகச் சொல்லிவந்த அந்தக் கடைசி வரியை, அவள் இந்த நிமிடம்வரை எழுதியிருக்கவே இல்லை.