கேமராவைப் பார்க்காதே

தட்டில் சோறு விழுந்தது. அவன் நிமிரவில்லை.

நிமிர்ந்தால் அம்மாவின் காதுகள் கண்ணில் படும். கம்மல் இருந்த இடத்தில் இப்போது வேப்பங்குச்சி. கம்மல் எங்கே போனது என்று இந்த வீட்டில் யாரும் தேடவில்லை. அது ஊசி மருந்தாகி அவன் நரம்புக்குள் போனது அவளுக்கும் தெரியும்.

அன்றைக்கு அம்மா சாத்திய கதவு. மழைக்கும் திறக்கவில்லை, அவன் காய்ச்சலில் வந்து தட்டியபோதும் திறக்கவில்லை. மேம்பாலத்துக்கு அடியில்தான் கிடந்தான்.

இன்று திறந்தாள். அவன் தனியாக வரவில்லை. போதைக்கு அடிமையான ஒரு பையனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர்கள் கேமராவோடு கூட வந்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்த அவளால் முடியவில்லை.

"சோறு போட்டுட்டு, அப்படியே தலைல கை வைங்கம்மா," என்று டைரக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வைத்தாள்.

தோசைக்கல்லைத் தொட்டுவிட்டவள் போல உடனே எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதானா?

அவன் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தான்.

"கிஷோர், கேமராவப் பாக்காதப்பா. ஷாட்டே போச்சு. இன்னொரு வாட்டி எடுக்கலாம்."

சோறு குண்டானுக்குத் திரும்பியது. மறுபடி தட்டுக்கு வந்தது. கையும் வந்தது. இந்த முறை கொஞ்சம் நின்றது.

பார்த்தான்.

"அட, என்னப்பா நீ!"

ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது. மூக்கு ஒழுகியது. முழங்காலுக்குள் வலி குடைந்தது. எழுந்து ஓடு, ஓடு என்றது உடம்பு. அதன் பேச்சை அவன் தட்டியதே கிடையாது. பெற்றவள் பேச்சைத்தான் தட்டியிருக்கிறான்.

இன்று சம்மணத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோற்றுக்காக இல்லை. அந்தக் கைக்காக.

மறுபடி சோறு. மறுபடி கை.

மறுபடியும் பார்த்தான்.

டைரக்டருக்குச் சலித்துவிட்டது. ஜன்னல் வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது.

"இது சரியா வந்துட்டா முடிஞ்சுது. கிளம்பிடலாம்."

அவர்கள் கிளம்பினால் அவனும் கிளம்ப வேண்டும். பிறகு அதே கதவு. அதே தாழ்ப்பாள்.

குனிந்து, குண்டானைத் தூக்கி, மறுபடி நிமிர்ந்து, அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அது அவன் காதில் விழுந்தது. அவளை வாட்டியது போதும் என்று நினைத்தான்.

இந்த முறை கெடுக்கவில்லை.

தலை குனிந்தபடி சோற்றையே பார்த்திருந்தான். கை வந்தது. சிக்குப் பிடித்த மயிருக்குள் விரல்கள் இறங்கின. இறங்கி அங்கேயே இருந்தன.

முடிந்தது என்று டைரக்டர் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

"ஏம்மா," என்றார் டைரக்டர், "இப்ப நீங்க ஏம்மா கேமராவப் பாக்குறீங்க?"