முதல் அறிவிப்பு

"எந்தப் புயல்லயும் ஓட்டுவேன் கேப்டன். பயணிங்ககிட்ட பேசணும்னா மட்டும் நாக்கு ஒட்டிக்குது" என்றான் துணை விமானி கார்சன்.

"உன்னைக் கடிச்சா தின்னுடப் போறாங்க? பேசுப்பா" என்றார் கேப்டன் மொரீன்.

கார்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். எல்லோரையும் வரவேற்றான், இறங்கப்போகும் டென்வர் நகரில் நல்ல வெயில் என்றான், இடப்பக்கம் மலைகளைப் பார்க்கலாம் என்றான். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு குரல் வந்தது.

"அருமை சார். ஆனா இங்க கட்டுப்பாட்டு அறையில எங்களுக்கு ஜன்னலே கிடையாதே!"

அடுத்து வேறொரு விமானத்தின் விமானி: "எங்களுக்கு மலை வலப்பக்கம் தெரியுது. காபி எப்பத் தருவீங்க?"

கார்சனின் முகம் வெளுத்தது. அவன் அழுத்தியது தரையோடும் மற்ற விமானங்களோடும் பேசும் ரேடியோ பொத்தான்.

மொரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்துப் பொத்தானைக் காட்டினார்.

"வானம் பூரா கேட்டாச்சு. மிச்சம் நம்ம பயணிங்க மட்டும்தான்."