நாலாவது நூல்

“அம்மாவை நிப்பாட்டிப்போட்டு அந்த இடத்தை எனக்குத் தாங்கோ, சேர்.”

இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா. கேட்டுவிட்டேன்.

மேற்பார்வையாளர் தர்ஷன் சிரித்தார். “பட்டதாரிப் பிள்ளை கண்ணிவெடி கிண்டவோ?”

“அம்மா கிண்டினபடியாத்தான் நான் பட்டதாரி.”

அவருடைய சிரிப்பு நின்றது.

கொட்டிலுக்கு வெளியே, எங்கள் கதை எட்டாத தூரத்தில், அம்மா கவச அங்கியின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தா. பதினொரு வருசமாக இதே வேலை. பக்கத்துப் பாதையில் வேலை செய்த சுமித்திரா அக்காவுக்குப் போன மாரியில் மூன்று விரல் போனது. அன்றிலிருந்து அம்மா வீடு திரும்பும்வரை எனக்குப் பச்சைத் தண்ணியும் இறங்குவதில்லை. பட்டம் வாங்கி இரண்டு வருசம். வேலை இல்லை. அவவை வீட்டில் இருத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நாற்பத்தெட்டு வயதில், கண்ணுக்குக் கிட்ட இருப்பது எதுவும் அம்மாவுக்குத் தெரியாமல் போனது. அதுதான் புதுக் கண்ணாடி. அதுதான் இன்று பரீட்சை.

பயிற்சி நிலத்தில் ஒரு மீற்றர் அகலப் பாதை. புல்லுக்குள் மெல்லிய நூல்கள் கட்டியிருக்கும். தொடாமல், கண்ணால் மட்டும் அவற்றைப் பிடிக்க வேண்டும். உண்மையான நிலத்தில் அப்படி ஒரு நூலில் கை கால் பட்டால் வெடிக்கும்.

“ஒண்டை விட்டாவெண்டாலும் நிப்பாட்டத்தான் வேணும். அப்ப உம்மட கதையைப் பாப்பம்,” என்றார் தர்ஷன்.

விடுவா. எனக்குத் தெரியும்.

அந்தக் கண்ணாடி, ஒரு வில்லைக்குள் மூன்று பார்வை. மேலால் பார்த்தால் தூரம். நடுவால் பார்த்தால் கையெட்டுகிற தூரம். கீழால் பார்த்தால் கிட்ட. நடுவில் கோடு கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோய் இருக்கும். ஓரத்தால் பார்த்தால் நிலம் தண்ணீர் மாதிரி நெளியும்.

இரண்டு கிழமையாக அம்மா அதோடு பட்ட பாடு பெரும்பாடு. சுளகில் கல் தெரியவில்லை, சோற்றில் கடிபட்டது. உடையார்கட்டு பஸ்ஸில் ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தா.

“என்னம்மா, ரிக்கற்றை வாசிக்கிறியளோ, மணந்து பாக்கிறியளோ?” என்று கொண்டக்டர் கத்தினான். பஸ் முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சேர்ந்து சிரித்தா.

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசில் ஊதியது.

அம்மா பாதையின் தொடக்கத்தில் முழங்காலில் இருந்தா. தலை குனிந்தே இருந்தது.

பிறகு, மெல்ல, நாடியைத் தூக்கினா.

முகம் நிமிர்ந்து, கண் மட்டும் தாழ்ந்து, நிலத்தில். எந்தப் புல்லைப் பார்க்க வேண்டுமோ அந்தப் புல்லுக்கு நேரே மூக்கைத் திருப்பினா. கண் ஓரத்துக்குப் போகவேயில்லை. குனிந்தபடியே பதினொரு வருசத்தைக் கழித்த மனுசி இப்படி நிமிர்ந்து இருந்து நான் கண்டதில்லை.

கை உயர்ந்தது. ஒரு நூல்.

இன்னும் நாலு முழம். கை உயர்ந்தது. இரண்டு.

மூன்றாவது, பச்சைப் புல்லுக்குள் பச்சை நூல். அதற்கும் உயர்ந்தது.

“சரி, விமலாக்கா, எல்லாம் சரி! வெளியால வாங்கோ!”

அம்மா அசையவில்லை. நாலாவது தரமும் கையை உயர்த்தினா.

“நாங்கள் மூண்டுதானே கட்டினது,” என்று முணுமுணுத்தபடி தர்ஷன் இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன்.

அம்மாவின் விரல் காட்டிய இடத்தில் அவர் முழங்காலில் இருந்தார். ஒன்றும் இல்லை. முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். ஒன்றும் இல்லை.

காற்று கொஞ்சம் அசைந்தது. இரண்டு புல் நுனிகளுக்கு நடுவில் ஏதோ வெயிலில் மின்னி, மறைந்தது.

சிலந்தி நூல். ஒற்றை இழை.

தர்ஷன் தொப்பியைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் இருக்கும் இந்த மனுசியை எனக்கு இத்தனை நாளும் தெரியாது போல இருந்தது.

“கண்ணாடி போட்ட மற்றாக்கள் எல்லாரும் குனிஞ்சு குனிஞ்செல்லோ கோட்டை விடுறவை. நாடியைத் தூக்கிப் பாக்க உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது அக்கா?”

அம்மா முகக்கவசத்தை மேலே தள்ளினா. கண்ணாடிக்குள்ளால் என்னை நேரே பார்த்தா.

“இவதான் சேர். கண்ணாடிக் கடையில தந்த கடதாசி முழுக்க இங்கிலீசு. இவதான் வாசிச்சுச் சொன்னவ.”

“படிச்ச பிள்ளையெண்டா இப்பிடியெல்லோ இருக்கோணும்!”

வாசித்தது நான்தான். தலையை நிமிர்த்து, கண்ணைத் தாழ்த்து என்றுதான் அதில் இருந்தது.

தலையைக் குனியுங்கோ அம்மா, நல்லாக் குனிஞ்சு பாருங்கோ என்றுதான் நான் சொன்னேன்.

எப்போது கண்டுபிடித்தா, எங்கே போய்ப் பழகினா, ஒன்றும் தெரியாது. இரண்டு கிழமையும் என் முன்னால் குனிந்தேதான் இருந்தா. ஏனடி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நான் கேட்டதை மறந்துபோடுங்கோ, சேர்,” என்றேன்.

“என்னடி கேட்டனி?” என்று அம்மா பின்னால் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை. படலையைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.

திங்கள் விடிய நாலு மணிக்கு எழும்பி அவவுக்குச் சோறு கட்டிக் கொடுக்கப்போவது நான்தான்.