மாட்டுக்கு நின்ற பஸ்

"ஏய், எழுந்திரு! ரோடு இன்னா உங்கப்பன் வீட்டுதா?"

புளியமரத்து வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டுக் கத்தினார் டிரைவர் ஞானப்பிரகாசம். நடு ரோட்டில் படுத்திருந்த காளை காதைக்கூட ஆட்டவில்லை. கரும்புத் தோகையை மென்றுகொண்டிருந்தது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி போகும் அந்த பஸ்ஸில் தினமும் இதே கூத்துதான். முருகனுக்கு நேர்ந்துவிட்ட காளை. யார் கை வைப்பார்கள்?

பஸ் நின்ற சாக்கில் தேவசுந்தரி டீச்சர் கட்டையை ஊன்றி மெல்ல ஏறினாள். போலியோ கால். ஸ்டாப் இருக்கும் இடத்துக்கு இரண்டு மைல் நடக்க வேண்டுமென்றால், அவள் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

"ரொம்ப நன்றிண்ணே."

"வண்டி இன்னா உங்களுக்கா நின்னுது? மாட்டுக்கு நின்னுது! போர்டு இல்லாத எடத்துல ஆளுக்கு நிறுத்தினா முதலாளி அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. இப்படியும் ஒரு மனுஷன்!

தினமும் லேட் ஆகிறதென்று பஸ் முதலாளி மாட்டின் மேல் மனு கொடுத்தார். பஞ்சாயத்து யூனியன் சேர்மன் பஞ்சாட்சரம் அப்போதுதான் மெட்ராஸுக்குப் போய், பொதுப் பிரச்னைகளை ஆராய்வது எப்படி என்று பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார். சும்மா இருப்பாரா? ஓவர்சியர் வீரபத்திரனோடு வளைவுக்கே வந்து, புளியமரத்தில் கரும்பலகையை மாட்டிக் கட்டம் போட்டார். செலவு, காலம், பாவம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

சாட்சி சொல்ல டிரைவரைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் கலவரத்தோடு ஓரமாக நின்றாள். மாடு போனால் அவள் பஸ்ஸும் போச்சு.

"மாட்டைப் பிடிச்சி பவுண்டுப் பட்டியில அடைச்சிடலாம். செலவு கம்மி" என்றார் சேர்மன்.

"ஆங், அடைங்க. சாமி மாடு. பாவமெல்லாம் கையெழுத்து போடறவங்களுக்குத்தான்" என்றார் டிரைவர்.

சேர்மன் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பாவத்துக்கு முட்டை போட்டார்.

"நகரிப் பக்கம் ஓட்டி விட்டுடலாம் சார். ஆந்திராக்காரங்க பார்த்துக்கட்டும்" என்றார் ஓவர்சியர்.

"பதிலுக்கு அவங்க ரெண்டை இந்தப் பக்கம் ஓட்டி வுடுவாங்க" என்றார் டிரைவர்.

"நம்ம மாட்டுக்குத் தெலுங்கு தெரியுமோ?" சேர்மன் கவலைப்பட்டார்.

"உங்களைவிட நல்லாத் தெரியும். மறுநாளே வழி கேட்டுகினு வந்துடும்."

அதற்கும் மார்க் குறைந்தது.

"அப்போ மாட்டைச் சுத்தி ரோட்டை வளைச்சிப் போட்டுடலாம்" என்றார் ஓவர்சியர்.

"மாடு தள்ளிப் படுத்தா?" என்று கேட்டார் சேர்மன்.

"ரோட்டையும் தள்ளிப் போட்டா போச்சு."

காளை ஒரு முறை செருமியது. டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார் இது! மாடு படுத்தா வண்டி நிக்குது, நின்னா லேட்டு. பேசாம இங்கியே ஒரு ஸ்டாப் போர்டு நட்டுடுங்க! அப்போ அது லேட்டு இல்ல, ஸ்டாப்பு! எழுதிக்குங்க!"

குத்தலாகத்தான் சொன்னார். சேர்மன் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

"செலவு ஒரு தகரம். காலம் ஒரு வாரம். பாவம் இல்லவே இல்லை. முழு மார்க்!"

மேலே எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார். போர்டு நட்ட அன்று பஸ் முறைப்படி நின்றது. டீச்சர் முறைப்படி ஏறி உட்கார்ந்தாள். ரோட்டில் காளையைத்தான் காணோம்.

"பாத்தீங்களா? போர்டைப் பாத்ததும் மாடே ஓடிப்போச்சு! இதான் ஆராய்ச்சி!" சேர்மன் மாலையோடு சிரித்தார்.

டிரைவர் இறங்கினார். தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் கரும்புத் தோகையை உருவிக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போனார். டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அங்கே காளை நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார் ஞானப்பிரகாசம்.

"டீச்சருக்கு போர்டு வந்துடுச்சி நைனா. இனிமே நான் விடிகாலைல வந்து நடு ரோட்டுல தோகை போட மாட்டேன். இப்படி ஓரமாவே நின்னு துன்னு."