புரட்டாசிச் சனியில் ஒரு தட்டு இட்லி

புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமாக, காலை எட்டு மணிக்கே, கடையில் வாங்கிவந்த இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் நிர்மலாதேவி.

பூஜைக்குப் பூக்கட்ட வந்த நாத்தனார் கோவிந்தம்மாள் வாயைப் பிளந்தாள்.

"என்ன அண்ணி, பெருமாளுக்கு லீவு வுட்டுட்டீங்களா?"

"பசிக்குது கோயிந்து. அதுக்கென்ன இப்போ?"

"அதானே! போன வருசம் நான் ஒரு வாய் காப்பி குடிச்சதுக்கு வூட்டையே கழுவி வுட்டீங்க. விரதமெல்லாம் ஊராருக்குத்தானா?"

நிர்மலாதேவி காதில் வாங்கவில்லை. "சோபனா, தனியா திங்க ஒரு மாதிரியா இருக்குது. நீயும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு வா கண்ணு."

சமையலறையில் மருமகள் சோபனாவின் உள்ளங்கையில் ஒரு ஆஸ்பிரின் மாத்திரை.

அம்மாவையும் அண்ணனையும் கொண்டுபோனது குடல் புற்றுநோய். பரம்பரையாக வருவது, உனக்கும் வரலாம் என்றது பரிசோதனை. தருமபுரி டாக்டர் வருஷா வருஷம் கேமரா டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கூடவே இந்த மாத்திரை.

"இதை எல்லாருக்கும் தர்றதில்லைம்மா. உங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பைக் குறைக்கும். ஆனா தினமும் காலையில சாப்பிட்டுட்டுத்தான் போடணும். வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்."

கணவன் மாதேஷுக்கு மட்டும்தான் தெரியும். 'சீக்குக் குடும்பத்துல பொண்ணு எடுத்துட்டோமே' என்று மாமியார் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் மறைத்திருந்தாள். ராத்திரி பூஜை வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியாது. போன சனிக்கிழமை மாதிரி வெறும் வயிற்றில் விழுங்கிவிடலாம் என்றுதான் நின்றிருந்தாள்.

நல்லவேளை, மாமியாருக்குப் பசித்தது!

பக்கத்தில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டாள். 'ஊரையே விரதம் விரதம்னு விரட்டிட்டு, இப்போ இப்படி' என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரமும் இருந்தது.

"கலி முத்திப்போச்சு. மாமியாரும் மருமகளும் சோடி போட்டுக்கிட்டு!" கோவிந்தம்மாள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் நிர்மலாதேவி தண்ணீர்ச் சொம்பை நகர்த்தினாள்.

"ம், இப்போ மாத்திரையைப் போட்டுக்க."

சோபனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை...!"

"போன சனிக்கெழம வயித்தைப் புடிச்சுக்கிட்டு சுருண்டு கெடந்தியே. மாதேஷை மெரட்டிக் கேட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டான். அடுத்த டெஸ்ட்டுக்கு நானும் வர்றேன்."

சோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ, பசிக்குதுன்னு சொன்னதுங்க அத்தை?"

"நீ மட்டும் தின்னா, ஏன் எதுக்குன்னு கோயிந்து துருவித் துருவிக் கேப்பா. நானும் தின்னா, என்னைத் திட்டிட்டுப் போயிடுவா!"