லென்ஸ் பெயரில் ஒரு தப்பு

“சார், இந்த அட்டையில ஒரு தப்பு இருக்குது.”

தாமோதரனுக்குத் திக்கென்றது. சிறப்பு விருந்தினரின் கார் பங்காருபேட்டையைத் தாண்டிவிட்டது; போட்டோ போட்டியின் பரிசளிப்புக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. இந்த நேரம் பார்த்து அமலா என்கிற பெண், முதல் பரிசுப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறாள்.

படம், தங்கச் சுரங்கக் கழிவு மலையாய்க் குவிந்த நந்திதுர்க் சயனைடு மேட்டுக்கு மேலே சிறகு விரித்த பருந்து. கீழே ஒட்டிய அட்டையில், ராகேஷ் என்று பெயர். ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேர் பிரிண்டுக்குப் பென் டிரைவை நீட்டுவது அவரிடம்தான். யார் நீட்டுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமிருக்காது.

“இன்னாம்மா தப்பு? ஸ்பெல்லிங்கா?”

“லென்ஸ் பேரு சார். நூறு-நானூறு ஜூம்னு போட்டிருக்கீங்க. இது அந்த லென்ஸே இல்ல.”

தாமோதரன் சிரித்தார். போட்டோ கிளப்பின் செயலாளர் அவர். லென்ஸின் பெயரைப் பார்த்து மார்க் போட்டுவிட்டு, நேரமிருந்தால் படத்தையும் பார்ப்பார்.

“நாங்க யார் பேச்சையும் நம்பறதில்லம்மா. ஒரிஜினல் ஃபைலை வாங்கி, கேமராவே அதுக்குள்ள எழுதி வெச்சதைத்தான் அட்டையில போட்டோம். ஆளு பொய் சொல்லுவான், ஃபைல் சொல்லாது.”

“வேற கம்பெனி லென்ஸ் மாட்டினா, கேமரா தனக்குத் தெரிஞ்ச ஒரு பேரை எழுதிடும் சார். அப்புறம் நாமதான் கம்ப்யூட்டர்ல திருத்தணும்.”

நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பாடம் எடுக்க வந்துவிடுகிறார்கள் என்று அவருக்கு எரிச்சல். கையோடு ராகேஷைக் கூப்பிட்டார். மேடைக்கென்றே தைத்த பட்டுச் சட்டையில் ராகேஷ் வந்தார்.

“நூறு-நானூறேதான் சார்! வேற எதையும் மாட்டல, அந்த லென்ஸ் மட்டும்தான். அந்தப் பருந்துக்காக மூணு நாள் மேட்டுல வெயில்ல காஞ்சேன்” என்றவர், அமலாவிடம் திரும்பினார். “நீங்க கேமரா புடிச்சிருக்கீங்களா மேடம்?”

அமலா அட்டையின் அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

“ஜூம் அறுநூறுன்னு இருக்குது. நானூறைத் தாண்டாத லென்ஸ்ல அறுநூறு எப்படிண்ணா வந்துச்சு?”

ராகேஷ் அட்டையைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார்.

தாமோதரன் குனிந்து அந்த வரியைப் படித்தார். தானே டைப் அடித்த வரி அது, படிக்கத்தான் இல்லை. வாசலில் காரின் ஹாரன் கேட்டது.

“உனக்கு எப்படிம்மா இவ்ளோ கரெக்டா தெரியும்?”

அமலா தன் பையிலிருந்து அறுநூறு என்று பொறித்த நீளமான லென்ஸ் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“பிரிண்ட் போடத்தான் சார் இவர்கிட்ட குடுத்தேன், பிரைஸ் வாங்க இல்ல.”